எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு மனசு: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

2019-ல் எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடும் எடைக் குறைப்பு ஆபரேஷன், நடந்தது. அதற்கு முன் ரத்தம், ஸ்கேன், எண்டோஸ்கோபி, இதயம், நுரையீரல் என்று ஒன்று விடாமல் பார்த்தார்கள். மனசைப் பற்றி ஒருவர் பத்து நிமிடம் பேசினார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுகிறாய் என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதம் டயட்டீஷியன் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த மூன்று பேரும் அதே மாதிரி அழுதவர்கள் என்று தெரிந்தது. அந்த நான்கு பேரில் தொடங்கி, இப்போது மதுரையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினைந்து இருபது பேர் கூடுகிறோம்.

அங்கே வரும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் பள்ளி ஆசிரியை, டாக்டர் இல்லை. மாத்திரை, ரத்தப் பரிசோதனை பற்றி இங்கே படிப்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, எடையும் இறங்குகிறது. அப்புறம் ஏன் இப்படி அழுகை வருகிறது?

இரண்டு காரணம் சொல்வேன். முதலாவது உடம்பு சம்பந்தப்பட்டது. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், நல்ல உடல்நலமும் மனநலமும் உள்ள 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். நாளொன்றுக்குச் சுமார் 1,600 கலோரிதான். சில மாதங்களில் அவர்கள் சோர்ந்து போனார்கள், எரிந்து விழுந்தார்கள், ஆட்களைத் தவிர்த்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைப் படித்தார்கள். ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் நாம் குடிக்கும் மோரும் பருப்புத் தண்ணீரும் புரோட்டீன் பவுடரும் சேர்ந்தால் அதில் பாதிகூட வராது. நமக்கு ஹார்மோன் மாற்றத்தால் பசி குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் உணவு குறைந்த உடம்பு மனசையும் இழுத்துக்கொண்டுதான் போகும்.

இரண்டாவது காரணம் துக்கம். இந்தச் சொல்லை நான் தெரிந்தேதான் எழுதுகிறேன். அப்பா இறந்த வருஷம், இரவு பதினொரு மணிக்கு எழுந்து மிச்சமிருந்த வத்தக்குழம்பைச் சூடு பண்ணிச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவேன். அந்த நேரத்தில் என்னோடு இருந்தது அந்தத் தட்டு மட்டும்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் துணை ஒரே நாளில் போய்விட்டது. போனதற்காக அழுவதில் என்ன தவறு? "எடை குறையுதே, சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே" என்று யாராவது சொன்னால் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

"தப்புப் பண்ணிட்டேனோ" என்று தினமும் தோன்றுகிறது. இது எனக்கு மட்டுமா?

இல்லை. எங்கள் குழுவில் முதல் மாதத்தில் இப்படி நினைக்காதவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், எடை திடீரென்று இறங்காமல் நிற்கும்போது, இந்த எண்ணம் பலமாக வரும். அந்தத் தேக்கம் வழக்கமானது, தானாக விலகும். தினமும் எடை பார்ப்பதை நிறுத்தி வாரம் ஒரு நாள் பாருங்கள்.

வயிறு நிறைந்துவிட்டது, ஆனாலும் நாக்கு கேட்கிறது. ஆபரேஷன் தோற்றுவிட்டதா?

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்தப் பகுதியில்தான். அதனால் வயிற்றுப் பசி அடங்கிவிடுகிறது. ஆனால் பரீட்சைத் தாள் திருத்தி முடித்ததும் மிக்சர் டப்பாவைத் தேடும் கைக்கு கிரெலின் தேவையில்லை. அது இருபது வருஷப் பழக்கம். இதை நாங்கள் மனப்பசி என்கிறோம். வயிற்றுப் பசி மெல்ல வரும், இட்லி கொடுத்தாலும் ஏற்கும், சுண்டல் கொடுத்தாலும் ஏற்கும். மனப்பசி திடீரென்று வரும், குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும், சாப்பிட்டு முடித்தாலும் அடங்காது.

கவனிக்க வேண்டிய ஒன்று: சின்ன வயிறு சோற்றையும் கறியையும் தடுக்கும், ஐஸ்கிரீமையும் முறுக்கையும் அவ்வளவாகத் தடுக்காது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுதும் கொறிப்பது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

எங்களுக்குப் பயன்பட்ட வழி, அந்த நிமிடத்தில் இன்னொருவரிடம் சொல்லிவிடுவது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "நமநமங்குது" என்று ஒரு சொல் போட்டால் போதும், யாராவது கூப்பிடுவார்கள். பத்து நிமிடம் எதையாவது பேசுவோம். பாதி நேரம் அதற்குள் அது கடந்து போய்விடும். நிறுத்தவே முடியாமல் சாப்பிடுவது, ஒளித்து வைத்துச் சாப்பிடுவது, சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது என்று போனால் குழு போதாது. மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் "என்ன இப்படி இளைச்சுட்ட, சுகரா?" என்கிறார்கள். ஆபரேஷனைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டுமா?

குண்டாக இருந்தபோது "கொஞ்சம் குறைக்கக் கூடாதா" என்று கேட்ட அதே அத்தைதான், குறைத்த பிறகு "முகமெல்லாம் ஒட்டிப் போச்சே, ஏதாச்சும் வியாதியா" என்பார். நம் ஊரில் சதை போட்டவரைப் பார்த்தால் கேலி, இளைத்தவரைப் பார்த்தால் பயம். இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கும் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கும் பைபாஸ் என்றுதான் பெயர். சிலர் அதைச் செய்துகொண்டதாக உண்மையைச் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் இதயத்தில் அடைப்பு இல்லை என்று விளக்கிக்கொண்டிருப்பார்கள்.

எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "டாக்டர் சொன்னபடி சாப்பிடுறேன், உடம்பு நல்லா இருக்கு" என்பது பொய்யில்லாத பதில்தான். ஆனால் ஒருவரிடம்கூடச் சொல்லாமல் இருக்காதீர்கள். குழுவுக்கு வரும் ஓர் அக்கா ஒன்றரை வருஷம் மாமியார் வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தார். விசேஷ வீடுகளில் சாப்பாட்டை இலையில் ஒதுக்கி மறைப்பது, வாந்தி வந்தால் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்காமல் எடுப்பது என்று அவர் பட்ட பாட்டைக் கேட்டபோது எங்களில் பலருக்குக் கண் கலங்கியது. ஆபரேஷனைவிட அந்த ஒளிவுமறைவுதான் அவரை வாட்டியது.

"இது குறுக்கு வழி" என்று சொல்பவர்களும் உண்டு. பல வருஷம் பட்டினி கிடந்து, நடந்து, குறைத்து, மறுபடி ஏறி, கடைசியில்தான் ஆபரேஷன் மேசையில் படுக்கிறோம். இதை யாரிடமும் நிரூபிக்கத் தேவையில்லை.

கல்யாணத்துக்குப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா?

சொல்ல வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஊருக்கு வேண்டாம், கட்டிக்கொள்ளப் போகிறவரிடம், நிச்சயத்துக்கு முன்னால். ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரை சாப்பிடுவதையும், மற்றவர்கள் மூன்று இட்லி சாப்பிடும் நேரத்தில் நீங்கள் ஒன்றில் நிறுத்துவதையும் எத்தனை நாள் மறைக்க முடியும்? அதோடு, ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தரிக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கல்யாணமான மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா" என்று கேட்கும் வீட்டில், அந்தக் கேள்வியை நீங்கள் தனியாகச் சுமக்கக் கூடாது. கணவரும் தெரிந்து பக்கத்தில் நிற்க வேண்டும்.

"இன்னும் ரெண்டு வாய்" என்று அம்மா விடமாட்டேன் என்கிறார். மறுத்தால் முகம் வாடுகிறது.

அம்மாவுக்கும் இதில் ஓர் இழப்பு இருக்கிறது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். நாற்பது வருஷமாக அன்பைத் தட்டில் வைத்துக் காட்டியவர். நாம் தட்டைத் தள்ளும்போது தன்னையே தள்ளியது போல அவருக்கு வலிக்கிறது. "வேண்டாம்" என்று சொல்வதோடு நிற்காமல் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். "டாக்டர் புரோட்டீன் முதல்ல சாப்பிடணும்னு சொல்லியிருக்கார், எனக்கு அந்த மீனை முள் எடுத்துக் கொடுங்க" என்றேன். மறுநாளிலிருந்து அம்மா எனக்காக அவித்த முட்டை, நெத்திலி, பாசிப்பயறு என்று தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரோட்டீன் என்ற கணக்கு இப்போது என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கல்யாணப் பந்தி வேறு மாதிரியான கஷ்டம். நாம் மென்று மென்று அரை மணி நேரம் சாப்பிட வேண்டியவர்கள். அங்கே ரசம் வருவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நின்றுவிடுவார். அவசரப்பட்டு விழுங்கினால் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். கடைசிப் பந்தியில், வாசல் ஓரமாக, தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பைபாஸ் செய்தவர்கள் பாயசத்திலும் ஜாங்கிரியிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இனிப்பு குடலுக்குள் வேகமாக இறங்கிப் படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றுப்போக்கு வரலாம். டம்பிங் என்பார்கள். பந்திக்கு நடுவே அது வந்தால் ஏற்படும் அவமான உணர்வில் ஒரு வருஷம் எந்தக் கல்யாணத்துக்கும் போகாதவரை எனக்குத் தெரியும்.

இத்தனை கிலோ குறைந்தும் கண்ணாடியில் பழைய ஆள்தான் தெரிகிறார்.

கண் பழகுவதற்கு உடம்பைவிட அதிக நாள் எடுக்கும். டவுன் பஸ்ஸில் காலி இடம் தாராளமாக இருந்தும் பக்கவாட்டில் திரும்பி நுழைகிறவர்கள், கடையில் கை தானாகப் பெரிய சைஸ் பக்கம் போகிறவர்கள் எங்கள் குழுவில் நிறைய. பழைய சட்டை ஒன்றை வைத்திருந்து மாதம் ஒரு முறை போட்டுப் பாருங்கள். கிலோ சொல்வதைவிடத் துணி தெளிவாகச் சொல்லும்.

முடி கொட்டுவது பெண்களை அதிகம் உடைக்கிறது. சாதாரணமாக மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை கொத்துக் கொத்தாக வரும். வேகமாக எடை குறைவதால் வருவது இது, பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். புரோட்டீனையும் இரும்புச்சத்தையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். தொங்கும் தோல் அப்படித் தானாகப் போகாது. வயிற்றிலும் கையிலும் தொடையிலும் மடிந்து கிடக்கும் தோலைப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு பாடு" என்று ஒரு தங்கை கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அறுபது வயது அம்மா தன் கையை நீட்டிக் காட்டினார். "இந்தக் கையாலதான் இப்ப பேரனைத் தூக்குறேன்" என்றார். தோலை எடுக்கும் ஆபரேஷன் உண்டு. எடை நிலைத்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்கச் சொல்வார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

ஸ்வீடனில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்யாதவர்களைவிட இவர்களிடையே பிரிவும் விவாகரத்தும் கூடுதல். தனியாக இருந்தவர்கள் புதிதாகத் துணை தேடிக்கொண்டதும் கூடுதல். நம் ஊரில் அப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஒருவர் மாறும்போது வீடு முழுக்க அசைகிறது என்பதற்குச் சொல்கிறேன். நாங்கள் கேட்ட வரையில் சண்டையின் ஆரம்பம் சின்னதுதான்: சேர்ந்து ஓட்டலுக்குப் போவது நின்றது, மனைவி முதல்முறையாகத் தனியே வெளியே போக ஆரம்பித்தது, "யாருக்காக இப்படி அலங்காரம்" என்ற ஒரு சொல். சொல் தடித்த பிறகு பேசுவது கடினம். அதற்கு முன்பே இருவருமாக ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

எடை மறுபடி ஏறிவிட்டது. குழுவுக்கு வர வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

பெரும்பாலோருக்கு எடை ஒன்று முதல் ஒன்றரை வருஷத்தில் அடிமட்டத்தைத் தொடும். அதன் பிறகு கொஞ்சம் ஏறுவது மிகச் சாதாரணம். சிலருக்கு நிறையவே ஏறும். உடம்பு தன் பழைய எடையை மீட்கப் பார்க்கும், குறைந்த பசி கொஞ்சம் திரும்பும், வாழ்க்கையில் ஒரு சாவோ கடனோ வந்து சேரும். இதற்கு "கட்டுப்பாடு இல்லாதவர்" என்று ஒருவரைச் சொல்வது அநியாயம். ஆனால் நடப்பது என்ன? எடை குறையும்போது தவறாமல் வந்தவர்கள், ஏற ஆரம்பித்ததும் மெல்லக் காணாமல் போகிறார்கள். போன் எடுப்பதில்லை. எங்களில் ஒருவர் அப்படி எட்டு மாதம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். "நீங்க எல்லாம் கை தட்டின ஆளு நான், எந்த முகத்தோட வருவேன்" என்றார்.

அந்தக் கைதட்டலை நாங்கள்தான் செய்தோம். கூட்டம் தொடங்கியதும் ஒவ்வொருவரும் எத்தனை கிலோ குறைந்தது என்று சொல்வதும், எல்லோரும் தட்டுவதும் அப்போது வழக்கம். நல்லதென்று நினைத்துத்தான் செய்தோம். அதுவே ஏறியவர்களுக்குக் கதவை அடைத்தது. அன்றோடு நிறுத்திவிட்டோம். இப்போது அறையில் எடை மெஷின் கிடையாது, கிலோ எண் பேசுவதில்லை. அவர் திரும்பி வந்தார். டாக்டரைப் பார்த்தார், மறுபரிசோதனை செய்தார்கள், சாப்பாட்டுத் திட்டம் மாறியது. எடை ஏறியதற்கு மருந்தோ மறு ஆபரேஷனோ தேவையா என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். அதற்கு முதலில் டாக்டர் முன்னால் போய் உட்கார வேண்டுமே. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் எங்களில் ஒருவர் கூட வருவோம்.

மது அருந்தலாமா?

முதல் வருஷம் வேண்டவே வேண்டாம், பிறகும் தவிர்ப்பதே நல்லது. பைபாஸிலும் ஸ்லீவிலும் மது முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் 1,945 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. மதுவால் பிரச்சினைக்கு உள்ளானவர்கள் ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதம், இரண்டாம் வருஷத்தில் 9.6 சதவீதம். முதல் வருஷத்தில் உயர்வே இல்லை என்பதைக் கவனியுங்கள். "நமக்கு வராது" என்று நிம்மதி அடையும் நேரத்தில்தான் அது வருகிறது. சாப்பாடு தந்த ஆறுதலை மனசு வேறு இடத்தில் தேடுகிறது. சிலருக்கு அது மது, சிலருக்கு ஆன்லைன் ஷாப்பிங்.

இந்தச் சோர்வு மனசால் வருகிறதா, சத்துக் குறைவாலா?

இரண்டாலும் வரலாம், அதனால் முதலில் ரத்தம் பாருங்கள். பி12, இரும்பு, வைட்டமின் டி குறைந்தால் களைப்பு, எரிச்சல், மறதி எல்லாம் வரும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 இன்னும் சீக்கிரம் குறையும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்தியவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். தொடர்ந்து வாந்தி இருந்து, அதோடு நடை தள்ளாடினாலோ பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ குழப்பமாகப் பேசினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். பி1 குறைவாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு, முக்கியமாக பைபாஸில், சில மாத்திரைகள் உடம்பில் சேரும் விதம் மாறலாம். மனநல மருத்துவருக்கு ஆபரேஷன் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது.

இதைப் படிக்கும்போது அந்த எண்ணம் இருந்தால் மீதியை அப்புறம் படிக்கலாம். 14416-ஐ அழையுங்கள். அது இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050. இலங்கையில் 1926.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 8,815 பேரைக் கவனித்து 2016-ல் வெளியான ஆய்வில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் ஆபரேஷனுக்கு முன்பைவிடப் பின்பு அதிகம். அதில் பெரும்பகுதி இரண்டாம், மூன்றாம் வருஷத்தில். ஆஸ்பத்திரிக்குப் போவது குறைந்து, உறவினர் விசாரிப்பதும் நின்றுபோகும் காலம் அது. பயமுறுத்த இதை எழுதவில்லை. குழுவில் இருப்பவர்கள், இரண்டு வருஷம் ஆனவரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அப்படி ஒருவர் சொன்னால் "ச்சீ, அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். "சாகணும்னு நினைக்கிறியா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் எண்ணம் வளராது. அவரைத் தனியாக விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழு தொடங்க ஆசை. எப்படி நடத்துகிறீர்கள்?

மூன்று பேர் போதும், இடம் யார் வீட்டு மொட்டை மாடியாகவும் இருக்கலாம். ஆபரேஷன் தேதி குறித்தவர்களும் வரலாம், அவர்கள் கேட்கும் கேள்விகள் எங்களுக்கும் நல்லது. புதிதாக ஆபரேஷன் ஆனவருக்கு ஒரு வருஷம் தாண்டிய ஒருவரைத் துணையாக வைக்கிறோம். முதல் மாதம் தினமும் ஒரு போன், அப்புறம் வாரம் ஒன்று. கேட்டதை வெளியே பேசுவதில்லை. மருந்தின் பெயரையோ அளவையோ ஒருவர் இன்னொருவருக்குச் சிபாரிசு செய்வதில்லை. புரோட்டீன் பவுடர் விற்க வந்தவர்கள் இரண்டு முறை உள்ளே நுழையப் பார்த்தார்கள், அனுப்பிவிட்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓர் உளவியலாளர் வந்து உட்காருகிறார். துணையாக இருக்கிறவரும் சோர்ந்துபோவார் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவருக்கு ஓய்வு.

நான் பேசியே ஆக வேண்டுமா?

வேண்டாம். ஒருவர் ஐந்து கூட்டம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். ஆறாவது கூட்டத்தில் பேசினார்.

கணவரையோ அம்மாவையோ கூட்டி வரலாமா?

கூட்டி வாருங்கள். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து இருப்போம். அடுத்த ஒரு மணி நேரம் அவர்கள் கீழ்த்தளத்தில் தனியாகப் பேசிக்கொள்வார்கள். போன மாதம் என் அம்மா அங்கே ஒரு புது மாமியாருக்கு நெத்திலியை எப்படி முள் இல்லாமல் மசிப்பது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.